நிலத்தின் மீதான பற்றுரிமையும் அதைச் செயல்படுத்தும் காலக்கெடுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களைக் கவனிக்கும் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது என்னை ஓரமாக அழைத்துச் சென்று, “வீட்டு மேல ஒரு பதிவு இருக்கு, அது இன்னும் செல்லுமா?” என்று கேட்பதுண்டு. கடன் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் கேட்ட அத்தகைய கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் பத்திரத்தில் இருக்கும் தேதிகளையும் வாசகங்களையும் ஒரு வழக்கறிஞர் நேரில் பார்த்த பின்னரே எந்த முடிவையும் எடுக்க வேண்டும்.

“லியன்” என்று பேச்சில் சொல்கிறோமே, சிங்கப்பூரில் அது எதைக் குறிக்கிறது?

ஒரு கடனுக்காக ஒரு வீட்டையோ நிலத்தையோ பிடித்து வைத்திருக்கும் உரிமையைத்தான் பொதுவாக லியன், அதாவது பற்றுரிமை என்கிறோம். நம் ஊர்ப் பக்கத்தில் வில்லங்கம் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சுட்டுவார்கள். சிங்கப்பூரில் அது பல வடிவங்களில் வருகிறது. வங்கியோ தனியாரோ பெற்ற அடைமானம் ஒன்று. வழக்கில் வென்றவர் தோற்றவரின் சொத்தைக் கைப்பற்றி விற்பதற்காக நீதிமன்றத்தில் பெற்று, சிங்கப்பூர் நில ஆணையத்தில் பதிவு செய்யும் அமலாக்க ஆணை மற்றொன்று. பராமரிப்புக் கட்டணம் கட்டாத கூட்டுரிமை வீட்டின் (காண்டோமினியம்) மீது அதன் நிர்வாகக் கழகம் பதிவு செய்யும் பொறுப்பும் (charge, அதாவது சொத்தின் மீது ஏற்றப்படும் கடன் சுமை), சொத்து வரிக்காகச் சட்டமே ஏற்படுத்தும் பொறுப்பும், ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து எடுத்த பணத்துக்காக மத்திய சேம நிதிக் கழகம் வைத்திருக்கும் பொறுப்பும் உண்டு. கேவியட் என்பது இவற்றில் எதுவும் அல்ல. எனக்கு இந்தச் சொத்தில் ஓர் உரிமை இருக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கும் பலகை மட்டுமே அது. ஆனாலும் பேச்சில் அதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம் என்பதால் அதைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் ஒரே காலக்கெடுதானா?

இல்லை. நான் பார்த்த பெரும்பாலான இழப்புகளுக்கு இந்த எண்ணமே காரணம். ஒரே கடனுக்குப் பின்னால் மூன்று நான்கு கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன. வழக்குத் தொடுக்கும் உரிமைக்கு ஒன்று, தீர்ப்பை அமலாக்கும் உரிமைக்கு ஒன்று, அமலாக்க ஆணை என்ற தாளின் ஆயுளுக்கு ஒன்று, நிலப் பதிவேட்டில் அந்த ஆணை நிற்கும் காலத்துக்கு ஒன்று. ஒன்றை நீட்டித்தால் மற்றவையும் தாமாக நீண்டுவிடும் என்று நினைத்து ஒருவர் நிம்மதியாக இருந்துவிடுகிறார். பதிவேட்டில் பெயரைப் புதுப்பித்துக்கொண்டே வருபவர் தீர்ப்பின் வயதை மறந்துவிடுகிறார். தீர்ப்பு இன்னும் செல்லும் என்று இருப்பவரோ பதிவு எப்போதோ விழுந்துவிட்டதைக் கவனிப்பதில்லை.

அடைமானக் கடனுக்கு எத்தனை ஆண்டு, எந்த நாளிலிருந்து?

பொதுவாக ஓர் ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க 1959-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 6 ஆண்டுகள் தருகிறது. அந்தக் கடனுக்கு ஒரு சொத்தின் மீது அடைமானமோ பொறுப்போ இருந்தால், அசலைக் கேட்டு வழக்குத் தொடுக்க 12 ஆண்டுகள் உண்டு. பணத்தைப் பெறும் உரிமை எழுந்த நாளிலிருந்து இந்தக் காலம் ஓடுகிறது. பத்திரத்தில் கையெழுத்திட்ட நாள் இங்கே கணக்கில் வராது. பத்திரம் 2008-இல் எழுதப்பட்டு, “அசல் முழுவதும் 2013 டிசம்பர் 31 அன்று செலுத்தப்பட வேண்டும்” என்று அதில் இருந்தால், 12 ஆண்டுகள் 2013-இன் முடிவிலிருந்துதான் ஓடத் தொடங்கும். தவணை தவறினால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. அந்த நிபந்தனையின் வாசகத்தைப் பொறுத்து நாள் முன்னே வரலாம் என்பதால் பத்திரத்தை வரிக்கு வரி படிக்காமல் கணக்குப் போடக் கூடாது.

வட்டி நிலுவைக்குக் கணக்கு வேறு. அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து 6 ஆண்டுகள் கடந்தால் அந்த நிலுவையை வழக்கில் பெற முடியாது. அசல் உயிரோடு இருக்கும்போதே பழைய வட்டி உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பது இதன் பொருள்.

வங்கிகள் 12 ஆண்டுகள் காத்திருப்பதில்லை. தவணை நின்ற சில மாதங்களிலேயே அறிவிப்பு வந்துவிடும். இந்தக் கணக்கு பெரும்பாலும் உறவினர்களுக்கிடையேதான் தேவைப்படுகிறது. மாமா மருமகனுக்குக் கடை வைக்கக் கொடுத்த பணத்துக்கு முறையாக அடைமானப் பத்திரம் எழுதிக்கொள்வார்கள். பிறகு முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சப்பட்டே பத்து ஆண்டுகளை ஓட்டிவிடுவார்கள்.

அந்த 12 ஆண்டுகளை நீட்டிக்க முடியுமா?

“நீட்டிப்பு” என்பதை விட “மறுபடியும் முதலிலிருந்து தொடங்குதல்” என்பது பொருத்தமான சொல். காலவரம்புச் சட்டத்தின் 26-ஆம், 27-ஆம் பிரிவுகள் இதற்கு இரண்டு வழிகளைத் தருகின்றன.

முதல் வழி, கடனாளி கடனை ஒப்புக்கொள்வது. அந்த ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும், ஒப்புக்கொள்பவரோ அவருடைய முகவரோ கையொப்பமிட்டிருக்க வேண்டும், கடன் கொடுத்தவருக்கோ அவருடைய முகவருக்கோ அது தரப்பட்டிருக்க வேண்டும். “கொஞ்சம் பொறுங்கள் அண்ணே, அடுத்த வருஷம் கொடுத்துவிடுகிறேன்” என்று பத்துப் பேர் முன்னிலையில் வாய்மொழியாகச் சொன்னாலும் சட்டத்தின் கணக்கில் அது ஒப்புதல் ஆகாது. அதையே ஒரு தாளில் எழுதி, கடன் இன்னும் இருக்கிறது என்பது தெளிவாகும்படி கையெழுத்திட்டுத் தந்தால், கையெழுத்திட்ட நாளிலிருந்து காலம் புதிதாக ஓடத் தொடங்கும். அவர் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கடனைப் பற்றிப் புலம்பியிருந்தால் அது பயன்படாது, ஏனெனில் அது கடன் கொடுத்தவருக்கு எழுதப்பட்டதல்ல.

இரண்டாம் வழி, கடனில் ஒரு பகுதியையாவது செலுத்துவது. இதற்கு எழுத்து தேவையில்லை, ஆனால் ஆதாரம் தேவை. வங்கி வழியாக வந்த 200 வெள்ளி கூட, இந்தக் கடனுக்காகவே செலுத்தப்பட்டது என்று நிறுவ முடிந்தால், கடிகாரத்தைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிடும். இங்கே ஒரு நுணுக்கத்தைச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. வட்டிக்காகச் செலுத்திய பணம் அசல் கடனுக்கான செலுத்தமாகவும் கருதப்படும், ஆகவே அது அசலுக்குப் புது ஆயுள் தரும். ஆனால் வட்டியில் ஒரு பகுதியைச் செலுத்தியதால் அப்போது பாக்கியிருந்த மற்ற வட்டிக்குக் காலம் நீளாது.

ரொக்கமாகக் கையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தால் எத்தனையோ பேர் இந்த உரிமையை வீணாக்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் கொடுத்த 500 வெள்ளி கடனுக்கான பணமா, பிள்ளைகளுக்குக் கொடுத்த அன்பளிப்பா என்று பிற்பாடு வாதம் வரும். வாங்கியதும் எதற்காக, எந்தக் கடனில், எவ்வளவு மீதம் என்று மூன்று வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால் இந்த வாதமே எழாது. ஒரே தாளில் ஒப்புதலும் செலுத்தமும் அடங்கிவிடும்.

காலம் முடிவதற்குள் இவற்றைப் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பானது.

வாட்ஸ்அப் செய்தி எழுத்து ஆகுமா?

எழுத்து என்பதற்குத் தாள் கட்டாயமில்லை. மின்னஞ்சலில் அனுப்பியவரின் பெயர் இருப்பதையே எழுத்தும் கையொப்பமுமாகக் கொள்ளலாம் என்று உயர்நீதிமன்றம் 2005-இல், ஒரு கிடங்குக் குத்தகை தொடர்பான வழக்கில் ஏற்றுக்கொண்டது. அந்த வழியில் பார்த்தால் ஒரு செய்தியையும் வாதத்துக்கு வைக்கலாம். ஆனால் “சரி சரி பார்ப்போம்” என்ற செய்தி எந்தக் கடனையும் ஒப்புக்கொள்ளவில்லை. கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தால் அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகளை வாங்கப் பார்ப்பது பேராசை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சமரசப் பேச்சின் போது “உரிமைக்குப் பாதகமின்றி” என்ற குறிப்புடன் எழுதப்படும் கடிதங்களைப் பொதுவாக நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. வழக்கறிஞர்கள் வழியாக நான்கு ஆண்டுகள் நடந்த நல்ல பேச்சுவார்த்தை முழுவதும் அப்படிப்பட்ட கடிதங்களிலேயே இருந்துவிட்டால், காலவரம்பு விஷயத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். பேச்சு நடக்கும்போதே, காலவரம்பு ஓடுவதை நிறுத்திவைப்பதாகவும் அதை எதிர்வாதமாக எழுப்ப மாட்டேன் என்றும் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது வணிகர்களிடையே வழக்கம். குடும்பங்களிலும் அதைச் செய்யலாம்.

கணவர் கையெழுத்திட்டுத் தந்தார். மனைவியும் கடனாளிதான். அவரையும் அது கட்டுமா?

ஒப்புதலைப் பொறுத்தவரை கட்டாது. கையெழுத்திட்டவரையும் அவருக்குப் பின் வருபவர்களையும் மட்டுமே அது கட்டும். செலுத்தம் அப்படியல்ல, கடனுக்குப் பொறுப்பானவர்களில் ஒருவர் செலுத்தினாலும் மற்ற எல்லோருக்கும் சேர்த்தே காலம் புதிதாகிறது. ஆகவே கூட்டாகக் கடன் வாங்கியவர்களிடம் ஒப்புதல் கேட்கும்போது ஒவ்வொருவரின் கையெழுத்தையும் வாங்க வேண்டும்.

காலம் தவறிவிட்டது. நீதிமன்றம் இரக்கப்பட்டு நீட்டித்துத் தருமா?

கடன் வழக்குகளில் அப்படி ஒரு பொது அதிகாரம் நீதிபதிக்கு இல்லை. உடல்நலமில்லை, வெளிநாட்டில் இருந்தேன், உறவு கெட்டுவிடும் என்று பயந்தேன் என்ற காரணங்கள் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் 12 ஆண்டு 13 ஆண்டு ஆகாது.

சட்டமே அனுமதிக்கும் விலக்குகள் சில உண்டு. உரிமை எழுந்தபோது உரியவர் வயதுக்கு வராதவராகவோ மனத்திறன் இழந்தவராகவோ இருந்தால், அந்நிலை நீங்கியதிலிருந்து 6 ஆண்டுகள் கிடைக்கும். கடனாளியின் மோசடியால் உரிமை மறைக்கப்பட்டிருந்தால், அந்த மோசடி தெரியவந்த நாளிலிருந்தோ முறையான முயற்சியால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலம் ஓடும். ஆனால் இடையில் விவரம் அறியாமல் நேர்மையாக விலை கொடுத்து வாங்கியவரின் உரிமையை அது பாதிக்காது. 2020-இல் வந்த கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டத்தின் கீழ் நிவாரண அறிவிப்பு பெற்ற சில ஒப்பந்தங்களுக்கு, நடவடிக்கை எடுக்க முடியாமல் இருந்த காலம் காலவரம்போடு சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டைத் தொட்டுச் செல்லும் வணிகக் கடன் என்றால் அதையும் வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள்.

மறுபக்கத்தில், காலவரம்பு என்பது கடனாளி தானே எடுத்து வைக்க வேண்டிய எதிர்வாதம் என்று அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் பதில் மனுவில் அதைக் குறிப்பிடாமல் விட்டால் நீதிமன்றம் தானாக எழுப்பி வழக்கைத் தள்ளாது. பழைய கடனுக்கு வந்த நீதிமன்றத் தாளைக் “காலாவதியானதுதானே” என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, தீர்ப்பு வந்த பிறகு ஓடிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடைமானம் இல்லை, ஆனால் வழக்கில் வென்று தீர்ப்பு வாங்கிவிட்டேன். அதைக் கடனாளியின் வீட்டின் மீது எத்தனை ஆண்டுகளுக்குள் பாய்ச்ச வேண்டும்?

தீர்ப்பின் மீது நடவடிக்கை எடுக்க, அது அமலாக்கத்தக்கதான நாளிலிருந்து 12 ஆண்டுகள் என்று காலவரம்புச் சட்டம் சொல்கிறது. அதற்குள்ளேயே இன்னொரு கோடும் இருக்கிறது. தீர்ப்பு வந்து 6 ஆண்டுகள் கடந்துவிட்டால், அமலாக்க ஆணை கேட்பதற்கு முன் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அனுமதி கேட்கும்போது இத்தனை காலம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்பதற்கு விளக்கம் தர வேண்டும். கடனாளி எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை, அவர் பெயரில் சொத்து எதுவும் இருக்கவில்லை, அண்மையில்தான் வாரிசாக ஒரு வீடு வந்தது என்பவை விளக்கங்கள். மறந்துவிட்டேன் என்பது விளக்கம் அல்ல. தாமதத்தால் மறுதரப்புக்கு ஏற்பட்ட பாதிப்பும் பார்க்கப்படும்.

சட்டம் படித்தவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைச் சுட்டுவார்கள். தீர்ப்பை அடிப்படையாக வைத்துப் புதிதாக வழக்கிடுவது ஒன்று, அதே தீர்ப்பை அமலாக்குவது வேறொன்று என்பது ஆங்கிலப் பொதுச்சட்ட மரபு. அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1998-இல், அந்நாட்டுச் சட்டத்தின் 6 ஆண்டு வரம்பு முதலாவதைத்தான் தடுக்கிறது, இரண்டாவதைத் தடுக்காது என்று தீர்ப்பளித்தது. ஆனால் வட்டியை 6 ஆண்டுகளுக்கு மட்டுப்படுத்தியது. இப்படி ஒரு வாதம் இருக்கிறது என்ற துணிவில் 12 ஆண்டைக் கடக்க விடுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த வாதத்தை உங்கள் செலவில், உங்கள் வழக்கில்தான் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 80,000 வெள்ளிக்கான தீர்ப்பு 2015 ஜூன் 10 அன்று வந்து அன்றே அமலாக்கத்தக்கதானது என்று வைத்துக்கொள்வோம். 2021 ஜூனுக்குப் பிறகு அமலாக்கம் கேட்டால் அனுமதி தேவை. 2027 ஜூன் என்பது 12 ஆண்டின் எல்லை. நீதிமன்றம் வேறு விகிதம் சொல்லாத நிலையில் சிங்கப்பூரில் 2007 முதல் தீர்ப்புக் கடனுக்கு ஆண்டுக்கு 5.33 விழுக்காடு தனிவட்டி, அதாவது இந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 4,264 வெள்ளி. ஆனால் வட்டி நிலுவையை 6 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் பெற முடியாது என்பதால், எவ்வளவு காத்திருந்தாலும் வட்டியாகக் கேட்கக்கூடியது 25,584 வெள்ளியைத் தாண்டாது. காத்திருந்தால் வட்டி வளரும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அமலாக்க ஆணை கிடைத்துவிட்டது. இனி கவலை இல்லையே?

கவலை இங்கேதான் தொடங்குகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள நீதிமன்ற விதிகளின்படி அமலாக்க ஆணை 12 மாதங்களுக்குச் செல்லும். அதை நீட்டிக்க வேண்டுமென்றால் முடிவதற்கு முன்பே நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். நிலத்தைப் பொறுத்தவரை அந்த ஆணையை நில ஆணையத்தில் பதிவு செய்தால்தான் அது சொத்தைப் பிடிக்கும். அந்தப் பதிவுக்கும் ஓர் ஆண்டுதான் ஆயுள், அதற்குள் மறுபதிவு செய்யாவிட்டால் பதிவு விழுந்துவிடும். இரண்டு ஓராண்டுகளும் வெவ்வேறு நாளில் தொடங்குகின்றன என்பதைப் பாருங்கள். ஆணை பிறந்தது மார்ச் மாதம், பதிவானது மே மாதம் என்றால், மே மாதத்தை மட்டும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பவர் மார்ச் மாதத்திலேயே தோற்றுப்போகிறார்.

பதிவு விழுந்தால் கடன் போய்விடுவதில்லை. வரிசையில் உங்கள் இடம்தான் போகிறது. மறுநாள் வேறொருவர் அடைமானமோ ஆணையோ பதிவு செய்தால் அவர் முன்னால் நிற்பார். நீங்கள் புதிதாகப் பதிவு செய்தாலும் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இடையில் வீடே விற்கப்பட்டு வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டால், பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

நான் வேலை செய்த காலத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில், கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் விடுப்பில் போன பதினொரு நாளில் ஒரு மறுபதிவு தவறிவிட்டது. அந்தப் பதினொரு நாளுக்குள் கடனாளி தன் கடையை இன்னொருவரிடம் அடகு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எந்தத் தேதியையும் ஒரு நாட்குறிப்பில் மட்டும் எழுதியதில்லை. கெடுவுக்கு எட்டு வாரம் முன்பு, நான்கு வாரம் முன்பு, ஒரு வாரம் முன்பு என்று மூன்று இடங்களில், இரண்டு பேரின் நாட்குறிப்பில் எழுதுவோம்.

பதிவு செய்த நாளில் கடனாளிக்கு அந்தச் சொத்தில் என்ன உரிமை உண்மையில் இருந்ததோ அதை மட்டுமே ஆணை பிடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவர் ஏற்கெனவே வீட்டை விற்க ஒப்பந்தம் செய்து, வாங்குபவரின் உரிமை முன்பே பிறந்திருந்தால், அதை உங்கள் ஆணை தள்ளிவிடாது. கணவனும் மனைவியும் கூட்டாக உரிமை கொண்ட வீட்டில் ஒருவரின் பங்கை மட்டும் கைப்பற்ற முடியுமா என்பதில் உயர்நீதிமன்றத் தீர்ப்புகளே ஒன்றுக்கொன்று மாறுபட்டு வந்திருக்கின்றன. செலவழிப்பதற்கு முன் வழக்கறிஞரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேவியட் எத்தனை ஆண்டு நிற்கும்?

ஐந்து ஆண்டுகள். அது முடிவதற்கு முன்பு நீட்டிப்பைத் தாக்கல் செய்தால் மேலும் ஐந்து ஆண்டுகள். கேவியட்டை நீட்டிப்பதால் அதன் பின்னால் உள்ள கடனின் காலவரம்பு நீளாது. அறிவிப்புப் பலகைக்கு மறுபடி வண்ணம் பூசுவதால் கடைக்குள் சரக்கு வந்துவிடாது அல்லவா?

கடனாளிக்கு வீவக வீடு மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

தீர்ப்புக் கடனுக்காக வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைக் கைப்பற்றி விற்க முடியாது. சட்டம் அதற்குப் பாதுகாப்பு தருகிறது. அந்த வீட்டுக்கு முறையாக அடைமானக் கடன் கொடுத்த கழகமும் வங்கியும் தங்கள் அடைமானத்தைச் செயல்படுத்தலாம் என்பது வேறு. வீட்டை விற்கும்போது மத்திய சேம நிதிக் கணக்குக்குத் திரும்பும் தொகையும் கடன்காரர்கள் கைக்கு எட்டாது. ஆகவே இத்தகைய கடனாளியிடம் வீட்டை மறந்துவிட்டு வங்கிக் கணக்கையும் வேறு சொத்துகளையும் பார்க்க வேண்டும்.

கூட்டுரிமை வீட்டின் பராமரிப்புக் கட்டண நிலுவைக்கும் சொத்து வரிக்கும் இந்தக் கணக்குகள் பொருந்துமா?

2004-ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, அடுக்குரிமை நிர்வாகச் சட்டத்தின்படி, எழுத்தில் கேட்டும் நிலுவை செலுத்தப்படாவிட்டால் நிர்வாகக் கழகம் அந்த வீட்டின் மீது ஒரு பொறுப்பைப் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தேவையில்லாத பதிவு அது. நிலுவையும் வட்டியும் செலவும் தீரும் வரை நிற்கும், இறுதியில் வீட்டை விற்கும் அதிகாரமும் அதற்குள் உண்டு. அதற்கு முன்பே பதிவான வங்கி அடைமானத்துக்குப் பின்னால்தான் அது நிற்கும்.

சொத்து வரி நிலுவை சட்டப்படி அந்தச் சொத்தின் மீது முதல் பொறுப்பு. அரசாங்கம் வரி வசூலிக்கும் நடவடிக்கைகளுக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது. நாள் கடத்தினால் தீர்ந்துவிடும் என்று நம்பக் கூடாத நிலுவை இது. தாமதத்துக்கு 5 விழுக்காடு அபராதமும் சேரும்.

கடனாளி திவாலானால்?

முறையான அடைமானம் வைத்திருப்பவர் தன் சொத்தைப் பிடித்துக்கொண்டு பொதுவாகத் தனியே நிற்கலாம். தீர்ப்பு மட்டும் வைத்திருப்பவரின் நிலை பலவீனமானது, அமலாக்கம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து எல்லோருடனும் சேர்ந்து வரிசையில் நிற்க நேரிடலாம். திவால் மனு வந்ததாகக் கேள்விப்பட்ட அன்றே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

சொத்து தமிழ்நாட்டிலோ மலேசியாவின் ஜொகூரிலோ இருந்தால்?

நிலம் எங்கே இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி அடைமானப் பணத்தை வசூலிக்கும் வழக்குக்கு 12 ஆண்டுகள், தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோருவதற்கும் 12 ஆண்டுகள். எண் ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே எழுத்து மூலமான ஒப்புதல் காலவரம்பு முடிவதற்கு முன்பே தரப்பட்டிருக்க வேண்டும் என்று 18-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. நம்மவர்கள் பலருக்குத் தெரியாத இன்னொரு விதி 15-ஆம் பிரிவில் இருக்கிறது. எதிர்த்தரப்பினர் இந்தியாவை விட்டு வெளியே இருந்த காலம், அவர் மீது வழக்குத் தொடுப்பதற்கான காலக் கணக்கில் கழிக்கப்படும். தஞ்சாவூரில் நிலத்தை அடகு வைத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, ஆகவே கடன் செத்துவிட்டது என்று ஒருவர் கணக்குப் போட்டால், அந்தப் பதினைந்து ஆண்டுகளே அவர் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடக்கூடும். இந்தச் சலுகை வழக்குத் தொடுப்பதற்கு உரியது. ஏற்கெனவே வாங்கிய தீர்ப்பாணையை நிறைவேற்றும் மனுவுக்கு அல்ல.

ஜொகூரில் தீர்ப்புக் கடனுக்காக நிலத்தின் மீது பதியப்படும் தடையாணைக்கு ஆயுள் ஆறு மாதம் மட்டுமே. அதற்குள் விற்பனை முடியாவிட்டால் நீதிமன்றத்தில் நீட்டிப்பு வாங்க வேண்டும். சிங்கப்பூரின் ஓராண்டுப் பழக்கத்தில் இருப்பவர்கள் பாலத்தைத் தாண்டியதும் தடுமாறும் இடம் இது.

நான் கடனாளி. வீட்டின் பதிவேட்டில் பழைய பதிவு ஒன்று கிடக்கிறது. அதை எப்படி நீக்குவது?

முதலில் நில ஆணையத்தின் இணைய வழித் தேடல் சேவையில் உங்கள் சொத்தின் பதிவேட்டு நகலை வாங்கி, கிடப்பது எது என்று பாருங்கள். ஓராண்டைத் தாண்டிய, மறுபதிவு செய்யப்படாத ஆணை என்றால் அது செயலிழந்துவிட்டது, பதிவேட்டிலிருந்து அகற்றச் சொல்லலாம். கேவியட் என்றால், அதை நீக்கும்படி நீங்கள் விண்ணப்பித்ததும் பதிவாளர் அதைப் போட்டவருக்கு அறிவிப்பு அனுப்புவார். அவர் 30 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணையுடன் வராவிட்டால் கேவியட் நீக்கப்படும். தகுந்த காரணமின்றிக் கேவியட் போட்டு உங்கள் விற்பனையைக் கெடுத்திருந்தால் இழப்பீடும் கேட்கலாம்.

பழைய அடைமானம் அப்படித் தானாக அகலாது. 12 ஆண்டுகள் கழிந்தன என்பதற்காகப் பதிவேட்டின் அந்த வரி மறைந்துவிடுவதில்லை. விடுவிப்புப் பத்திரம் பதியப்படும் வரை, அல்லது நீதிமன்றம் ஆணையிடும் வரை அது அங்கேயே நிற்கும், வீட்டை வாங்க வருபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான். கடன் கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரைப் பார்த்துப் பேசி விடுவிப்பில் கையெழுத்து வாங்குவது, நீதிமன்றம் செல்வதை விட எவ்வளவோ மலிவு. அப்படிப் பேசப் போகும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: “மீதியை அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்” என்று எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், கையில் இருநூறு வெள்ளியைத் திணித்துவிட்டும் வராதீர்கள். மேலே சொன்ன 26-ஆம் பிரிவு அந்த நொடியிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடலாம்.